இணையப் பாதுகாப்புச் சட்டம் (நோவா ஸ்கோசியா)

இணையப் பாதுகாப்புச் சட்டம் என்பது இணையவழித் துன்புறுத்தலில் இருந்து சிறுவர்களையும் பிறரையும் காக்கக் கனடாவின் நோவா ஸ்கோசியா மாகாணம் 2013 இல் இயற்றிய சட்டமாகும். பதின்ம வயதுச் சிறுமி ஒருத்தியின் மரணத்தை அடுத்து இது விரைந்து நிறைவேற்றப்பட்டது. எதிர்த்தரப்புக்கு அறிவிக்காமலேயே பாதுகாப்பு ஆணை பெற இதில் வழி இருந்தது.

இச்சட்டத்தின் குறை அதன் வரையறையிலேயே இருந்தது. பிறருக்கு மனவேதனை தரும் என எதிர்பார்க்கத்தக்க மின்னணுச் செய்தி, தீய நோக்கமின்றி அனுப்பப்பட்டிருப்பினும், துன்புறுத்தலாகக் கொள்ளப்பட்டது. இது கருத்துச் சுதந்திரத்தை மீறுவதாகக் கூறி, மாகாண உச்ச நீதிமன்றம் 2015 திசம்பரில் சட்டம் முழுவதையும் செல்லாததாக்கியது. அவ்வழக்கின் இரு தரப்பினரும் முன்னாள் வணிகக் கூட்டாளிகள், சிறுவர் அல்லர்.

மாற்றுச் சட்டம் 2018 சூலையில்தான் நடைமுறைக்கு வந்தது. இதன்படி தீய நோக்கமோ, தீங்கைப் பொருட்படுத்தாத போக்கோ நிறுவப்படவேண்டும்.