இடத்தைக் காப்பதா, ஆளைக் காப்பதா?



எங்கள் பிள்ளைகள் கணினியில் கூடைப்பந்து விளையாடும்போது திரையில் 2-3, 3-2, 1-3-1 என இலக்கங்கள் தோன்றும். எதிரணியின் கார்ட் ஆட்டக்காரர்கள், அதாவது பந்தைத் தட்டிக்கொண்டு முன்னேறும் வேகமானவர்கள், புள்ளிகளைக் குவிக்கும்போது இவற்றுள் ஒன்றைத் தெரிவுசெய்யவேண்டும். அந்த இலக்கங்களுக்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறு உண்டு.

கனடாவிற் பிறந்த ஜேம்ஸ் நெய்ஸ்மித், 1891 டிசெம்பரில் அமெரிக்காவின் ஸ்பிறிங்பீல்ட் நகரில் இந்த ஆட்டத்தை உருவாக்கினார். ஆளுக்கு ஆள் காவல் நிற்பது ஒரு முறை. ஆளைத் துரத்தாமல் இடத்தைக் காப்பது மற்றையது. அதுவே வலயக் காவல். ஊரில் கிளித்தட்டு மறித்தவர்களுக்கு இது புதிதல்ல. அங்கேயும் அவரவர் தம் கோட்டில் நின்றுதானே மறித்தோம்!

1946இல் தொடங்கி, பின்னர் என்.பி.ஏ. எனப் பெயர்பெற்ற தொழில்முறைச் சங்கம், 1947 ஜனவரியிலேயே வலயக் காவலைத் தடைசெய்தது. உயரமானவர்கள் கூடையின்கீழ் குவிந்து நின்றால் ஆட்டம் மந்தமாகும், காசு கொடுத்துப் பார்க்க வருபவர் சலிப்படைவார் என்பதே அச்சம். கல்லூரிகளில் அத்தடை இருக்கவில்லை. 2-3 வலயத்துக்குப் பெயர்போன சிரக்கியூஸ் பல்கலைக்கழகம் 2003இல் தேசியக் கிண்ணத்தை வென்றது. என்.பி.ஏ. 2001-02 பருவத்தில் தடையை நீக்கியது. ஆனால், எவரையும் காக்காமல் கூடையின் முன்னால் மூன்று செக்கனுக்குமேல் நிற்கக்கூடாது என்றும் விதித்தது.

எதை எப்போது தெரிவுசெய்வது? கார்ட் உள்ளே புகுந்து அடிப்பவரானால் 2-3 கூடையின் முன்புறத்தை அடைக்கும், வெளிப்புறம் திறந்துவிடும். தூரத்திலிருந்து எறிபவரானால் 3-2 அவரை முன்னால் மறிக்கும், உட்புறம் மெலியும். கணக்காளன் என்ற முறையிற் சொல்கிறேன்: ஒரு பக்கம் வரவு வைத்தால் மறுபக்கம் பற்று எழுதத்தான் வேண்டும்.

2019 ஜூன் 2ஆம் திகதி, ரொறொன்ரோவில் நடந்த இறுதித் தொடரின் இரண்டாவது ஆட்டம் இதற்குச் சாட்சி. கோல்டன் ஸ்ரேற் அணியின் கிளே தொம்சன் காயமடைந்து வெளியேறினார். ரொறொன்ரோ பயிற்றுநர் நிக் நேர்ஸ், நால்வரைச் சதுரமாக நிறுத்தி, ஐந்தாமவரான பிறெட் வன்விலீற்றை ஸ்ரெபன் கரியின் பின்னால் விட்டார். எதிரணி ஐந்து நிமிடங்களுக்குமேல் ஒரு புள்ளியும் பெறவில்லை. ஆனால் கடைசிச் செக்கன்களில் கரியை இருவர் நெருக்க, காவலின்றி நின்ற இகுவோடாலா எறிந்த பந்து கூடைக்குள் விழுந்தது. 109-104 எனத் தோற்ற ரொறொன்ரோ, தொடரை 4-2 என வென்றது.

ஆகவே, பெற்றோரே, உங்கள் பிள்ளை 2-3ஐ அழுத்தும்போது, "அப்ப மூலையிலை நிக்கிறவனை ஆர் பாக்கிறது?" என்று ஒருமுறை கேட்டுப்பாருங்கள். மறுமொழி வரும், கூடவே நல்லதொரு உரையாடலும் தொடங்கும்.