ஊடுருவல்

'ஊடு' என்றால் இடை. 'உருவு' என்றால் துளைத்துப் போதல். அம்பு மார்பை உருவியது என்போம். ராஜபாளையம் பக்கம் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிகளில், பாவுக்குக் குறுக்கே ஓடும் ஊடை நூலிலும் இருப்பது இந்த ஊடுதான். கணினி அமைப்புகளின் பாதுகாப்பை உள்ளே புகுந்து பார்த்துச் சோதிப்பதற்கும் 'ஊடுருவல் சோதனை' என்றே பெயர். எவ்வளவு பொருத்தமான சொல்!

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா விற்கும் ஓர் இணையதளம் என்று வைத்துக்கொள்வோம். தேடல் பெட்டியில் ஒற்றை மேற்கோள்குறி ஒன்றைத் தட்டுகிறார் சோதனையாளர். தரவுத்தளப் பிழைச்செய்தி வந்தால், தட்டியது வெறும் தேடுசொல்லாக நிற்காமல் கட்டளைக்குள் புகுந்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம். உரிமையாளர் எழுத்தில் அனுமதி தந்திருந்தால்தான் இது ஊடுருவல் சோதனை. அனுமதியின்றி நுழைவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 43ஆம் பிரிவில் வரும். மோசடி நோக்கமும் சேர்ந்தால் 66ஆம் பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை.