கட்டும் ஒட்டும்: முழங்கால் வலிக்கான மீள்பட்டையின் வரலாறு – செஞ்சிக் கோட்டையை முன்வைத்து

முன்னுரை

செஞ்சிக் கோட்டை இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளை மதிலால் இணைத்து அமைந்தது. இவற்றுள் உயர்ந்த இராஜகிரி ஏறத்தாழ 800 அடி உயரமுடையது. 1690 முதல் 1698 வரை முகலாயர் முற்றுகையைத் தாங்க உதவிய அதன் செங்குத்தான ஏற்றம், இன்று அங்கு வருவோரின் முழங்காலுக்குச் சோதனையாகிறது. படியிறங்கும்போது தொடையின் முன்தசை நீண்டவாறே உடலெடையைத் தாங்குவதால், முழங்காற்சில்லுக்குக் கீழுள்ள தசைநாண் மிகுந்த இழுவிசைக்கு உள்ளாகிறது. இவ்வலிக்கு இன்று ஒட்டப்படும் வண்ண மீள்பட்டை, தமிழர் அறிந்த கட்டு மரபிலிருந்து எவ்வாறு வேறுபடுகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

கட்டு மரபு

சித்த மருத்துவம் புறமருத்துவ முறைகளை 32 ஆக வகுக்கிறது. கட்டு, பற்று, ஒற்றடம் ஆகியன அவற்றுள் அடங்கும். மூலிகையை நசுக்கியோ வதக்கியோ நோயுற்ற இடத்தில் வைத்துத் துணியால் கட்டுவது கட்டு ஆகும். இங்குத் துணி, மருந்தைத் தாங்கும் கருவி மட்டுமே. வட தமிழகம் நன்கறிந்த புத்தூர்க் கட்டோ மூங்கில் பட்டைகளைக் கொண்டு முறிந்த எலும்பை அசையாது நிறுத்துவது. முன்னதில் மருந்தும் பின்னதில் அசைவின்மையும் நலமளிப்பன.

ஒட்டுப்பட்டையின் வருகை

1970களில் ஜப்பானைச் சேர்ந்த கென்சோ கசே, நீளவாக்கில் மட்டும் விரியும் பருத்திப் பட்டையை உருவாக்கினார். அதில் பசை உண்டு, மருந்து இல்லை. தோலைச் சற்றே உயர்த்தி நீரோட்டத்தை எளிதாக்கும் என்பதும், மூட்டின் அசைவைத் தடுக்காது என்பதும் அதற்குக் கூறப்பட்ட சிறப்புகள். 1986இல் ஆஸ்திரேலிய இயன்முறை மருத்துவர் ஜென்னி மெக்கானல், விறைப்பான பட்டையால் சில்லின் நிலையைத் திருத்திப் பயிற்சியளிக்கும் முறையை அந்நாட்டு இயன்முறை மருத்துவ இதழில் வெளியிட்டார். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வீரர்கள் அணிந்ததால் மீள்பட்டை உலகப் புகழ் பெற்றது.

சான்றுகள்

புகழுக்கு இணையாகச் சான்றுகள் வளரவில்லை. மெக்கானலின் கட்டுரையை வெளியிட்ட அதே இதழ், 2014இல் 12 ஒப்பீட்டு ஆய்வுகளின் தொகுப்பாய்வை வெளியிட்டது. மீள்பட்டையின் மருத்துவப் பயன்பாட்டை அன்றைய சான்றுகள் ஆதரிக்கவில்லை என்பதே அதன் முடிவு. தசைநாண் வலி குறித்து 2009இல் வெளிவந்த டென்மார்க் ஆய்வு மற்றொன்றை உணர்த்தியது. ஸ்டீராய்டு ஊசி அளித்த விரைவான நலம் அரையாண்டில் குறைந்தது; படிப்படியான பளுப்பயிற்சி அளித்த நலமோ நிலைத்தது. வலி தணிதலும் தசைநாண் தேறுதலும் ஒன்றல்ல என்பது இதனால் பெறப்படுகிறது.

எலும்புக்கும் தோலுக்கும் இடையே உராய்வைக் குறைக்கும் பர்சா என்னும் நீர்ப்பையின் நிலை வேறு. மண்டியிட்டுத் தளம் பாவுவோர் போன்றோருக்கு அது அழற்சியுற்று வீங்கும். அங்கு முதல் மருத்துவம் அழுத்தத்தைத் தவிர்ப்பதே. சிவப்பு, சூடு, காய்ச்சல் ஆகியன சேர்ந்தால் அது தொற்றாகலாம். அந்நிலையில் பட்டையால் மூடுவது உரிய மருத்துவத்தைத் தாமதப்படுத்தும்.

முடிவுரை

மருந்தைத் தாங்குவது, எலும்பை நிறுத்துவது, அசைவுக்குத் துணைநிற்பது என மூன்று நோக்கங்கள் 'கட்டு' என்னும் ஒரே சொல்லுள் இன்று கலந்து நிற்கின்றன. புத்தூர்க் கட்டைப் போல மீள்பட்டையும் தானே குணமாக்கும் என நம்பிப் படியேறுவோர், வலி சற்றே தணிந்த நிலையில் தசைநாணை மேலும் வருத்த நேரும். வலி தணியும் இடைவெளியைப் பயிற்சிக்குப் பயன்படுத்தும்போதே மீள்பட்டை பொருளுடையதாகிறது.