இறம்பொடைக்கு வராத கோச்சி

இறம்பொடைக்குக் கோச்சி வந்ததில்லை. கம்பளையிலிருந்து புசல்லாவை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் வீதியில் அமைந்த ஊர் அது. புகையிரதப் பாதையோ நாவலப்பிட்டி, ஹட்டன் என மறுபக்கமாகச் சுற்றி 1885 இல் நானுஓயாவை அடைந்தது. நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை ஊடாக இராகலைவரை 2 அடி 6 அங்குல அகலத்தில் ஒரு சிறு பாதை முன்னர் இருந்தது. அதுவும் நான் பிறக்குமுன்பே மூடப்பட்டுவிட்டது. ஆகவே, கோச்சியைக் கண்ணாற் காணாத நான் அதனை எங்கள் லயத்து இஸ்தோப்பில் அமைத்தேன்.

சாணம் மெழுகிய தரையில் மூங்கிற் சிம்புகளே தண்டவாளங்கள். எரிந்த தீக்குச்சிகள் சிலிப்பர் கட்டைகள். பெட்டிகள் தீப்பெட்டிகள், எஞ்சின் ஒரு டின்பால் பேணி. நூலைக் கட்டி இழுக்கவேண்டும். அடுத்த காம்பராவில் இருந்த என் தோழன்தான் காட். வாயால் ஊதுவதும் அவனே.

பாதையின் வரைபடத்தைத் தந்தவர் அப்பாயி. தலைமன்னார்ப் பாதை 1914 இல் திறக்கப்படுமுன் எங்கள் முன்னோர் மன்னார்க் கரையிலிருந்து காட்டு வழியே நடந்து மலையேறினர். வழியில் மடிந்தவர் பலர். அப்பாயியோ சிறுமியாக மண்டபம் முகாமில் தங்கி, கப்பலேறி, கோச்சியில் வந்தவர். மதவாச்சி, அநுராதபுரம், மாகோ, பொல்காவலை என்று அவர் வரிசை தவறாமற் சொல்வார். எழுதப் படிக்கத் தெரியாதவர் அவர். நிலையப் பெயர்களை எங்ஙனம் மனனம் செய்தாரோ! ரம்புக்கனையிலிருந்து கடுகண்ணாவைக்கு ஏறும்போது பின்னாலிருந்து இன்னோர் எஞ்சின் தள்ளும் என்றும் அவரே சொன்னார். அங்கே நாங்கள் மூன்று செங்கற்களைச் சாய்த்து வைத்து, இரண்டாவது பேணியொன்றும் தேடிக்கொண்டோம்.

பெரியதுரை பங்களாவில் சமையல் வேலை செய்த மாமா ஒருநாள் என்னை அங்கு அழைத்துச் சென்றார். கூடத்துக் கம்பளத்தின்மேல் ஹோர்ன்பி விளையாட்டுக் கோச்சி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. லிவர்பூலில் மெக்கானோ நிறுவனம் 1920 முதல் செய்துவந்த வகையைச் சேர்ந்தது; சாவி கொடுத்தால் தானே ஓடும். வாசலில் நின்று நெடுநேரம் பார்த்தேன். அழகுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அது வட்டமாகச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்தது. எங்கே போகிறது என்று மாமாவிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் கையைப் பிடித்து வெளியே அழைத்துவந்தார்.

எங்கள் கோச்சி தலைமன்னாருக்குப் போயிற்று. இஸ்தோப்பின் விளிம்பிலிருந்த மழைநீர்க் கான்தான் கடல்.

1964 ஒக்டோபர் 30 அன்று சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. நாடற்றவர்களாக்கப்பட்டிருந்த 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு; எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்வது என்றனர். மக்களைக் கேளாமலே போட்ட கணக்கு அது. என் தந்தை இலங்கைப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பித்தார். தோழனின் தந்தை இந்தியாவுக்கு எழுதிக்கொடுத்தார். ஒரே சுவரின் இருபுறத்து வீடுகள்.

1973 இல் அவர்களுடைய முறை வந்தது. புறப்படுவதற்கு முதல்நாள் எஞ்சினைத் தருமாறு அவன் கேட்டான். நான் மறுத்து, தீப்பெட்டி ஒன்றை மட்டும் கொடுத்தேன். அவன் அதை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

மறுநாள் லொறியில் நாங்களும் கம்பளைவரை சென்றோம். நான் முதன்முதலாகப் பார்த்த உண்மைக் கோச்சி அதுவே. மலையக மக்கள் அதனை ஒப்பாரிக் கோச்சி என்றழைத்தனர். சாவீட்டில் அழுவதுபோலவே மேடையில் பெண்கள் மாரடித்து அழுதார்கள். அப்பாயி தம் தங்கையின் கையை யன்னலூடாகப் பற்றியபடி, கோச்சி அசைந்த பின்னும் சில அடிகள் நடந்தார். எஞ்சினைப் பார்க்கவேண்டும் என்று எத்தனை நாள் ஏங்கியிருந்தேன். அன்று பார்க்கத் தோன்றவில்லை.

கூடலூர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து அவன் ஒரு கடிதம் எழுதினான். இராமானுஜம் கப்பலில் வாந்தியெடுத்ததையும், இராமேஸ்வரத்தில் இறங்கியதையும் எழுதியிருந்தான். தீப்பெட்டியைப் பற்றி ஒன்றும் இல்லை. அதன்பின் கடிதமில்லை. நானும் எழுதவில்லை.

1980களில் கப்பல் நின்றது. 1990 இல் போரினால் பாதையும் அழிந்தது. 2015 மார்ச்சில் தலைமன்னார் இறங்குதுறைவரை மீண்டும் புகையிரதம் ஓடத் தொடங்கியபின், ஒருமுறை அங்கு சென்றேன். மதவாச்சியிலிருந்து ஒவ்வொரு நிலையப் பெயரையும் அப்பாயியின் வரிசையைத் திருப்பிப்போட்டு வாய்க்குள் சொல்லிக்கொண்டே போனேன். நிலையத்தைத் தாண்டி நடந்தால் கடலுக்குள் நீளும் பழைய இறங்குதுறையின் சிதைவுகள் தெரிகின்றன. மீனவர் ஒருவர் அதனருகே தோணியை இழுத்துக்கொண்டிருந்தார். அங்கிருந்து இராமேஸ்வரம் எத்தனை தூரம் என்று அவரிடம் கேட்டேன். கையை நீட்டி, "அந்தா" என்றார்.