முந்நூறு பேர், ஒரு பெயரும் இல்லை

1907 ஆகஸ்ட் 31 அன்று செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பிரிட்டனும் ரஷ்யாவும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுப் பாரசீகத்தைக் கூறு போட்டுக்கொண்டன. வடக்கு ரஷ்யாவின் செல்வாக்கு மண்டலம், தென்கிழக்கு பிரிட்டனுடையது, இடைப்பட்டது பொது. கூறு போடப்பட்ட நாட்டிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறு வருடம் மே மாதம் மஸ்ஜித் சுலைமானில் எண்ணெய் பீறிட்டது. அந்த இடம் பொது மண்டலத்தில் இருந்தது. 1915இல் அந்த மண்டலமும் பிரிட்டனுக்கே என்று இரு அரசுகளும் ரகசியமாக முடிவு செய்துகொண்டன.

இந்தக் கதையை நாம் வரைபடத்தை வைத்தே படித்திருக்கிறோம். வரைபடத்தில் பெண்கள் இருப்பதில்லை. நான் அவர்களைத் தேடிப் போனபோது முதலில் எதிர்ப்பட்டது கூச்சான் என்ற ஊர். ரஷ்ய எல்லையை ஒட்டிய வடகிழக்குப் பகுதி அது. 1905இல் விளைச்சல் பொய்த்தும் வரி குறையவில்லை. விவசாயிகள் தங்கள் மகள்களைத் துருக்மேனியர்களுக்கு விற்று வரி கட்டினார்கள். செய்தி மசூதிப் பிரசங்கங்களிலும் பத்திரிகைகளிலும் பரவியது. அரசியல் சட்டம் கேட்டு எழுந்த கோபத்துக்கு அது எண்ணெய் வார்த்தது. புதிதாகக் கூடிய மஜ்லிஸில் விசாரணை கேட்டார்கள். ஆனால் பின்னால் எழுதப்பட்ட புரட்சி வரலாறுகளில் அந்தப் பெண் குழந்தைகள் ஏறக்குறைய மறைந்தே போனார்கள். அஃப்ஸானே நஜ்மாபாதி 1998இல் அவர்களைப் பற்றித் தனிநூல் எழுத வேண்டியிருந்தது.

அதே மஜ்லிஸுக்கான 1906 தேர்தல் சட்டம் வாக்களிக்கக் கூடாதவர்களைப் பட்டியலிடுகிறது: பெண்கள், வயது வராதோர், அந்நியர், மோசடி செய்து திவாலானோர், கொலைகாரர், திருடர். வரிக்கு ஈடாக விற்கப்பட்டவளுக்கும் அவளை விற்ற நாட்டை ஆள்வதில் பங்கில்லை.

இதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் 1911 டிசம்பரைப் படிக்க வேண்டும். கஜானாவைச் சீர்செய்ய வந்த அமெரிக்கர் மோர்கன் ஷுஸ்டரை நீக்கு, இனி எங்கள் இருவர் சம்மதமில்லாமல் எந்த வெளிநாட்டவரையும் நியமிக்காதே என்று ரஷ்யா 48 மணி நேரக் கெடு விதித்தது. பிரிட்டன் அதற்குத் துணை நின்றது. மஜ்லிஸ் மறுத்தது. பிறகு, உள்ளுக்குள் பணிந்துவிடப் போகிறார்கள் என்று பேச்சு கிளம்பியது. அப்போது முந்நூறு பெண்கள் அந்தப்புரங்களையும் வீடுகளையும் விட்டுக் கிளம்பி மஜ்லிஸுக்கு நடந்தார்கள். பலருடைய பாவாடைக்குள்ளும் கைமடிப்பிலும் துப்பாக்கி இருந்தது. அவைத் தலைவரின் எதிரே முகத்திரையை விலக்கி, நீங்கள் தளர்ந்தால் எங்கள் கணவர்களையும் மகன்களையும் கொன்று நாங்களும் செத்துக் கிடப்போம் என்றார்கள்.

இதை எழுதிவைத்தவர் ஷுஸ்டர். வியந்துதான் எழுதுகிறார். ஆனால் அந்தப் பத்தியில் ஒரு பெண்ணின் பெயரும் இல்லை. அந்த மிரட்டலை நாட்டுப்பற்று என்று மட்டும் வாசிக்க எனக்கு மனம் வரவில்லை. வாக்குச்சீட்டு இல்லாதவர்கள் கையில் இருந்ததை எடுத்துக்கொண்டு வந்தார்கள். பணயமாக வைக்க அவர்களிடம் வீட்டு ஆண்களும் சொந்த உயிருமே இருந்தன.

டிசம்பர் 24 அன்று மஜ்லிஸ் கலைக்கப்பட்டது. ஜனவரியில் ஷுஸ்டர் ஊர் திரும்பினார். 1914இல் பிரிட்டிஷ் அரசு எண்ணெய்க் கம்பெனியின் பெரும்பங்கை வாங்கியது. ஈரானியப் பெண்களுக்கு வாக்குரிமை வந்தது 1963இல். அந்த முந்நூறு பேரில் இருபது வயதில் நின்ற ஒருத்தி உயிரோடிருந்திருந்தால், அப்போது அவளுக்கு எழுபத்திரண்டு வயது.