லேஸ் கூலியில் வந்த விடுதலை

டாட்டிங் வகுப்புக்குப் போகிறேன் என்றதும், "நம்ம நாகர்கோவில் லேஸ்தானே?" என்று பலர் கேட்கிறார்கள். இரண்டும் வேறு. டாட்டிங்குக்கு உள்ளங்கையில் அடங்கும் ஒரு ஷட்டில் போதும். பாசி வைப்பதானால், நூலை ஷட்டிலில் சுற்றுமுன்பே கோத்துக்கொள்வோம். நாகர்கோவில் லேஸுக்கோ தலையணை, குண்டூசிகள், நூல் சுற்றிய பாபின்கள் எல்லாம் வேண்டும்.

அதை அங்கே கற்றுக்கொடுத்தவர் மார்த்தா மால்ட். லண்டன் மிஷன் ஊழியரான கணவர் சார்லஸ் மால்ட்டுடன் 1819-ல் வந்தவர். பெண்பிள்ளைகளுக்குப் படிப்போடு லேஸ் பின்னவும் சொல்லித்தந்தார். அப்போது திருவிதாங்கூரில் அடிமை முறை இருந்தது, 1855-ல்தான் ஒழிந்தது. அதற்கு முன்பே அடிமைப் பெண்கள் சிலர் லேஸ் கூலியைச் சேர்த்துத் தங்கள் விடுதலையை விலைகொடுத்து வாங்கினார்கள். மார்த்தாவின் மகள் எலிசா 1844-ல் ராபர்ட் கால்டுவெல்லை மணந்து, இடையன்குடிக்கும் இத்தொழிலைக் கொண்டுபோனார்.

மார்த்தா, எலிசா பெயர்கள் புத்தகங்களில் இருக்கின்றன. பின்னிய பெண்களின் பெயர்கள் பெரும்பாலும் இல்லை. உங்கள் வீட்டுப் பெட்டியில் பழைய லேஸ் துண்டு ஏதும் இருந்தால், யார் பின்னியது என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள்.