முள் எப்போது ஏறுகிறது? பழைய ட்றக்கின் சூட்டுக் கோளாறைக் கண்டுபிடித்தல்

சென்ற வருமானவரிக் காலத்தில், ரொறன்ரோவில் பொதி விநியோகம் செய்யும் தம்பி ஒருவர் தன் பற்றுச்சீட்டுகளை ஒரு கடைப் பையில் போட்டு என்னிடம் கொண்டுவந்தார். அதில் ஒன்று, அவருடைய பழைய ட்றக்குக்கு ஹெட் காஸ்கற் மாற்றியதற்கானது. இரண்டு மாத வீட்டு வாடகையை விடக் கூடிய தொகை. "இப்ப சரியோ?" என்று கேட்டேன்.

"இல்லை அண்ணை. றோட்டில ஓடேக்க ஒண்டுமில்லை. சிவப்பு லைற்றில நிண்டா இன்னும் முள்ளு ஏறுது" என்றார்.

நான் கணக்காளன், மெக்கானிக் அல்ல. ஆனால் அகதியாக வந்த புதிதில், என் வணிகப் பட்டத்தை எவரும் பொருட்படுத்தாத காலத்தில், இப்படியான ட்றக் ஒன்றை ஓட்டித்தான் வீட்டைப் பார்த்தேன். தம்பி சொன்ன அந்த ஒரு வசனத்திலேயே கோளாறு எங்கே என்பது இருந்தது.

வண்டி ஓடும்போது எதிர்க்காற்று றேடியேற்றரை ஆற்றிவிடும். நின்றவுடன் அந்த வேலை முழுவதும் விசிறியின் தலையில் விழுகிறது. ஆகவே நின்றால் சூடு, ஓடினால் சரி என்றால் முதலில் விசிறியைப் பாருங்கள். பழைய ட்றக்குகளில் விசிறி பெரும்பாலும் ஒரு கிளச் வழியாகச் சுழலும். என்ஜினை நிறுத்தி, திறப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, விசிறியைக் கையால் சுற்றிப் பாருங்கள். சூடான நிலையில் அது கொஞ்சம் இறுக்கமாக இருக்க வேண்டும். பம்பரம் போலப் பல சுற்றுச் சுற்றினால் கிளச் போய்விட்டது. தம்பியின் வண்டியில் கிளச்சைச் சுற்றி எண்ணெய் தெறித்த தடமும் இருந்தது. அதை மாற்றிய பிறகு முள் ஏறவில்லை.

இதற்கு மாறாக, நகருக்குள் சரியாக இருந்து, 401 நெடுஞ்சாலையில் பாரத்தோடு ஏறும்போது மட்டும் சூடானால் தண்ணீரின் ஓட்டம் போதவில்லை என்று பொருள். றேடியேற்றர் உள்ளே அடைத்திருக்கலாம், பெல்ற் வழுக்கலாம், வோட்டர் பம்பின் இறக்கைகள் தேய்ந்திருக்கலாம். கீழ்க் குழாயையும் கவனியுங்கள். பழசாகி மெலிந்த குழாய், பம்ப் வேகமாக இழுக்கும்போது உள்ளே ஒட்டிப்போகும்.

குளிரில் எடுத்துச் சில நிமிடத்திலேயே முள் ஏறி, மேல்குழாய் மட்டும் குளிர்ந்தே இருந்தால் தேர்மோஸ்ராற் மூடியபடி இறுகியிருக்கும். எவ்வளவு ஓடினாலும் சூடேறாமல் ஹீற்றரும் குளிர்காற்றே தந்தால் அது திறந்தபடி நின்றுவிட்டது. பல வண்டிகளில் அது ஏறத்தாழ 90 பாகையில் திறக்க வேண்டியது. முள் உயர்ந்திருக்கும்போது ஹீற்றர் குளிர்காற்று தந்தால் கதை வேறு. தண்ணீர் குறைந்துவிட்டது, அல்லது உள்ளே காற்று அடைத்திருக்கிறது. உடனே நிறுத்துங்கள்.

தண்ணீர் குறைகிறதென்றால், ஊற்றி ஊற்றி ஓடாதீர்கள். கையிருப்புக் குறையும் கடையில் முதலில் கல்லாவைத்தான் பார்ப்போம். இங்கே மூடியைப் பாருங்கள். றேடியேற்றர் மூடி வெறும் மூடியல்ல. சதுர அங்குலத்துக்கு 15 இறாத்தல் அழுத்தத்தைத் தாங்கும் மூடி, தண்ணீரின் கொதிநிலையை 100 பாகையிலிருந்து ஏறத்தாழ 120 வரை உயர்த்துகிறது. அதன் ரப்பர் வெடித்தால் நல்ல என்ஜினும் கொதித்து வெளியே தள்ளும். மிக மலிவான பாகம் இதுதான். ஆனால் பலர் கடைசியாகத்தான் இதைப் பார்க்கிறார்கள். பிறகு வோட்டர் பம்பின் அடியிலுள்ள சிறு துவாரம் ஒழுகுகிறதா, பயணிப் பக்கத் தரைவிரிப்பு ஈரமாக இனிப்பு மணத்தோடு இருக்கிறதா என்று பாருங்கள். பின்னது ஹீற்றரின் உட்பகுதி ஒழுகுவதைக் காட்டும். அழுத்தம் ஏற்றிச் சோதிக்கும் கைப்பம்பை உதிரிப்பாகக் கடைகள் சில வைப்புப்பணம் வாங்கிக்கொண்டு இரவல் தருகின்றன. என்ஜின் குளிர்ந்திருக்கும்போது மூடியின் அளவுக்கு ஏற்றிக் கால் மணி நேரம் விடுங்கள். அளவு இறங்கினால் எங்கோ ஒழுக்கு உண்டு.

வெளியே ஒரு துளியும் இல்லாமல் தண்ணீர் குறைந்தால்தான் ஹெட் காஸ்கற்றைச் சந்தேகிக்க வேண்டும். வெள்ளைப் புகை நிற்காமல் வருவது, குளிரில் எடுத்தவுடனேயே குழாய் கல்லாக இறுகுவது, எண்ணெய் பார்க்கும் கம்பியில் பால் நிறம் தெரிவது ஆகியவை அதன் அடையாளங்கள். எண்ணெய் மூடிக்குக் கீழே மட்டும் சிறிது பால் நிறம் இருந்தால், குளிர்காலத்துக் குறுகிய ஓட்டத்தின் ஈரமாகவும் இருக்கலாம். நீல நிறத் திரவம் மஞ்சளாக மாறும் சோதனை ஒன்று உண்டு. சில நிமிட வேலை. அதைச் செய்து காட்டாமல் காஸ்கற் மாற்ற எவருக்கும் சம்மதம் கொடுக்காதீர்கள்.

ஊரில் லொறிக்குக் கிணற்றுத் தண்ணீர் வார்த்துப் பழகிய கை நம்முடையது. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புத் தண்ணீர் அங்கேயே றேடியேற்றருக்குள் படியும். இங்கே வெறுந்தண்ணீர் உறைந்து என்ஜினையே வெடிக்கவைக்கும். கூலன்றும் வடித்த நீரும் சரிபாதி கலந்தால் ஏறத்தாழ மைனஸ் 37 பாகை வரை தாங்கும். நிறத்தை நம்பி வாங்காமல், வண்டிப் புத்தகம் சொல்லும் வகையை வாங்குங்கள்.

வழியில் முள் சிவப்பைத் தொட்டால் ஏசியை நிறுத்தி, ஹீற்றரை முழுதாகத் திறந்து ஓரங்கட்டுங்கள். மூடியை மட்டும் தொடாதீர்கள். கொதிநீர் முகத்தில் அடிக்கும். மேல்குழாய் கை வைக்கும் அளவுக்கு ஆறிய பிறகே திறக்கலாம். வடித்தெடுத்த பழைய கூலன்ற் இனிப்பானது, கொடிய நஞ்சு. திறந்த வாளியில் வைக்காமல் மூடிய கலனில் ஊற்றி, பிள்ளைகளுக்கும் நாய்க்கும் எட்டாமல் வைத்து, நகரசபையின் அபாயக் கழிவு ஏற்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.